போட்டது போகட்டும்!

1979-ம் வருடம். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் விமான நிலையம். லண்டனிலிருந்து ஒரு கான்கார்ட் வந்து நிற்கிறது. கொக்கு மாதிரி கூர் மூக்கு, முக்கோண இறக்கை, வெள்ளை வெளேரென்ற உடம்பு. அட்லாண்டிக் கடலை ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் தாண்டி, நாலு மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்திருக்கிறது.

பிரிட்டிஷ் பைலட்டுகள் இறங்கிப் போய்விடுகிறார்கள். அடுத்து நடப்பதுதான் வேடிக்கை. விமானத்தின் மேல் பெரிதாக எழுதியிருக்கும் பதிவு எண்ணில், பிரிட்டனைக் குறிக்கும் 'ஜி' என்ற முதல் எழுத்தை மட்டும் டேப் ஒட்டி மறைக்கிறார்கள். மிச்சம் இருப்பது 'என்' என்று தொடங்கும் அமெரிக்க எண். காகிதங்கள் கை மாறுகின்றன. அவ்வளவுதான்! சற்று முன்பு வரை பிரிட்டிஷ் விமானமாக இருந்தது, இப்போது அமெரிக்க விமானம். ஏனென்றால், அமெரிக்காவின் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் விமானம் அமெரிக்கப் பதிவில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம்.

வேறு பைலட்டுகள் ஏறுகிறார்கள். வேறு பணிப்பெண்கள். பிரானிஃப் என்ற அமெரிக்க கம்பெனியின் ஆட்கள். அங்கிருந்து சுமார் 1,900 கிலோமீட்டர் தள்ளி, டெக்ஸாஸ் மாநிலத்தில் இருக்கும் டாலஸ் நகரத்துக்குப் பறக்கிறார்கள். திரும்பி வரும்போது டேப்பைப் பிரித்து, பழையபடி பிரிட்டிஷ்காரர்களிடம் ஒப்படைப்பார்கள். பாரிஸிலிருந்து வரும் ஏர் பிரான்ஸ் கான்கார்டையும் இதே மாதிரி வாங்கி ஓட்டினார்கள்.

உலகத்திலேயே ஒரு சாதாரண பயணி டிக்கெட் வாங்கி ஏறக்கூடிய அதிவேக விமானம். அதை பிரானிஃப் எவ்வளவு வேகத்தில் ஓட்டியது தெரியுமா? ஒலியின் வேகத்தில் 95 சதவிகிதம். அதாவது, ஒலியைத் தாண்டாமல்! ஒலியை மிஞ்சும்போது கிளம்பும் வெடிச் சத்தம் ஜன்னல் கண்ணாடிகளை அதிர வைக்கும் என்பதால், தரைக்கு மேல் அப்படிப் பறக்கக் கூடாது என்று 1973-லேயே அமெரிக்கா தடை போட்டிருந்தது. வாஷிங்டனுக்கும் டாலஸுக்கும் நடுவில் ஏது கடல்?

ஆக, பந்தயக் குதிரையை வாடகைக்குப் பிடித்து வந்து மாட்டு வண்டியில் பூட்டிய கதை. பக்கத்திலேயே சாதாரண போயிங் 727 இதே தூரத்தைக் கொஞ்சம் கூடுதல் நேரத்தில் கடந்து கொண்டிருந்தது, அகலமான ஸீட்டுகளோடு. கான்கார்டில் கால் நீட்டுவதே கஷ்டம். மெதுவாகப் போனால் எரிபொருளாவது மிச்சமாகுமா என்றால், அதுவும் இல்லை. அந்த இறக்கையும் இன்ஜினும் வேகத்துக்காகவே செய்யப்பட்டவை.

பிறகு ஏன் ஓட்டினார்கள்? கௌரவம்தான்! பிரானிஃப் சாதாரண கம்பெனி இல்லை. ஹார்டிங் லாரன்ஸ் என்ற தலைவர் 1965-ல் வந்ததும், 'விமானம் என்றால் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டுமா?' என்று கேட்டு, ஆரஞ்சு, மஞ்சள், நீலம் என்று விமானங்களுக்கு வர்ணம் அடித்தார். பணிப்பெண்களின் சீருடையை இத்தாலிய டிஸைனர் எமிலியோ பூச்சி வடிவமைத்தார். அலெக்ஸாண்டர் கால்டர் என்ற பெரிய ஓவியரை வைத்து ஒரு ஜெட் விமானம் முழுக்கப் படம் தீட்டினார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு 'அமெரிக்காவில் கான்கார்ட் ஓட்டும் ஒரே கம்பெனி' என்ற பட்டம் இனிக்காதா?

இனித்தது. 1979 ஜனவரி 12-ல் ஆரம்பித்தார்கள். 100 ஸீட் உள்ள விமானத்தில் பாதி நிரம்புவதே அபூர்வமாக இருந்தது. 1980 மே மாத முடிவோடு கடையைக் கட்டினார்கள். மொத்தமே பதினேழு மாதத்துக்கும் குறைவு. பிரானிஃப்பின் ஆரஞ்சு வர்ணம் எந்த கான்கார்டிலும் அடிக்கப்படவே இல்லை. விளம்பரத் தபால் அட்டையில் மட்டும் வரைந்து காட்டினார்கள்.

இதே காலத்தில் பூமியின் இன்னொரு பக்கமும் ஒரு கம்பெனி கான்கார்டைத் தொட்டுப் பார்த்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். பிரிட்டிஷ் ஏர்வேஸோடு கூட்டு. ஒரு விமானத்தின் இடது பக்கம் சிங்கப்பூர் வர்ணம், வலது பக்கம் பிரிட்டிஷ் வர்ணம். இந்தப் பக்கம் நின்று பார்த்தால் அவங்க விமானம், அந்தப் பக்கம் போனால் இவங்க விமானம்! லண்டன், பஹ்ரைன், சிங்கப்பூர் என்று 1977 டிசம்பர் 9-ல் தொடங்கி, மூன்றே முறை போய் வந்ததும் மலேசியா தடுத்துவிட்டது. எங்கள் பக்கம் இந்தச் சத்தம் வேண்டாம் என்றது. 1979 ஜனவரியில் மலேசியாவைச் சுற்றிக்கொண்டு மறுபடி பறந்தார்கள். நம் இந்தியாவும் 'எங்கள் வானத்தில் ஒலியைத் தாண்டாதே' என்று சொல்லியிருந்தது. சுற்றிச் சுற்றிப் போனால் கட்டுமா? 1980 நவம்பர் 1-ம் தேதியோடு அதுவும் முடிந்தது.

இரண்டு கம்பெனிகள். இரண்டும் ஆசையாக ஆரம்பித்தன. இரண்டும் மூன்று வருடத்துக்குள் நிறுத்திவிட்டன. இதைப் படிக்கும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது? 'தோற்றுப் போயிட்டாங்க' என்றுதானே? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆரம்பித்ததில் வேண்டுமானால் அசட்டுத்தனம் இருக்கலாம். நிறுத்தியதில் இல்லை. இந்தக் கதையிலேயே உருப்படியான காரியம் நிறுத்தியதுதான்.

ஆனால், நம்மை வளர்த்த விதம் வேறு. எடுத்த காரியத்தை முடிக்காமல் விடாதே, வைத்த காலைப் பின்வாங்காதே, பாதியில் விடுகிறவன் பேடி... சின்ன வயதிலிருந்து காதில் ஓதியிருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கேள்வி முக்கியமாகிறது. ஆரம்பித்ததைப் பாதியில் விடுவது தப்பா? அது புத்தியில்லாத காரியமா, கோழைத்தனமா, இல்லை சில சமயம் அதுதான் தர்மமா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். காமர்ஸ் படித்தவர்களுக்கு 'சங்க் காஸ்ட்' என்ற வார்த்தை பரிச்சயம். மூழ்கிப் போன செலவு. இனி நீங்கள் என்ன செய்தாலும் திரும்பி வராத பணம். பாடப் புத்தகம் சொல்வது ரொம்பச் சுலபம்: முடிவெடுக்கும்போது அந்தப் பணத்தைக் கணக்கிலேயே சேர்க்காதே. இனிமேல் எவ்வளவு செலவு, இனிமேல் எவ்வளவு வரவு, இது இரண்டை மட்டும் பார்.

பரீட்சையில் இதை எழுதி எல்லோரும் மார்க் வாங்கிவிடுவார்கள். வாழ்க்கையில்தான் ஃபெயில். போர்வெல் போடுகிறவரைப் பாருங்கள். 300 அடி போயாச்சு, புழுதிதான் வருகிறது. லாரிக்காரர் மேஸ்திரி கேட்கிறார்: 'என்ன சார், நிறுத்திடலாமா?' நிறுத்த மனசு வருமா? 'இவ்வளவு போட்டாச்சு, இன்னும் ஒரு நூறு அடி பார்த்துருவோம்!' அந்த நூறு அடிக்குக் கீழே தண்ணீர் இருக்கிறதா என்பது பாறையைப் பொறுத்த விஷயம். மேலே தோண்டிய 300 அடிக்கு நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள் என்பது பாறைக்குத் தெரியாது! ஆனாலும் அந்த 300 அடிதான் அடுத்த நூறைத் தோண்டச் சொல்லி நம்மை விரட்டுகிறது.

இந்த வியாதிக்கு உலகம் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'கான்கார்ட் தவறு'. ஆமாம், அதே விமானத்தின் பெயர்தான்.

காரணம் இருக்கிறது. 1962 நவம்பரில் பிரிட்டனும் பிரான்ஸும் சேர்ந்து இந்த விமானத்தைக் கட்ட ஒப்பந்தம் போட்டன. அப்போது போட்ட மதிப்பீடு 15 முதல் 17 கோடி பவுண்டு. அந்த ஒப்பந்தத்தில் ஒரு விசேஷம்: நடுவில் விலகுகிறவர் பெரிய அபராதம் கட்ட வேண்டும். பிரான்ஸ் கழன்றுகொண்டால் என்ன செய்வது என்ற பயத்தில் இந்த ஷரத்தைக் கேட்டு வாங்கியதே பிரிட்டன்தான். 1964-ல் பிரிட்டனில் ஆட்சி மாறியது. புதிய அரசு, இது நமக்குக் கட்டாது, விட்டுவிடலாம் என்று நினைத்தது. முடியவில்லை! அடுத்தவனைக் கட்டிப்போடத் திரித்த கயிறு தன் காலிலேயே சுற்றிக்கொண்டது.

அப்புறம் என்ன, செலவு ஏறிக்கொண்டே போனது. 1970-களின் நடுவில் 100 கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது. ஒரு கட்டத்தில் 70-க்கும் மேற்பட்ட விமானங்களுக்குப் பல கம்பெனிகள் இடம் பிடித்து வைத்திருந்தன. நம் ஏர் இந்தியாகூட இரண்டு கேட்டிருந்தது. 1973 ஜனவரியில் பான் ஆம், டி.டபிள்யூ.ஏ. என்ற இரண்டு பெரிய அமெரிக்கக் கம்பெனிகள் வேண்டாம் என்றன. பின்னாலேயே மற்றவர்களும் நழுவினார்கள். அந்த வருடக் கடைசியில் எண்ணெய் விலை வேறு எகிறியது. வாங்க ஆள் இல்லை என்று தெரிந்தும் கட்டி முடித்தார்கள். கட்டியது மொத்தம் 20. பயணிகளை ஏற்றிப் பறந்தது 14. அந்த 14-ம் பிரிட்டன், பிரான்ஸ் நாடுகளின் சொந்தக் கம்பெனிகளுக்கே!

'இவ்வளவு கொட்டியாச்சே, இப்ப நிறுத்தினா எல்லாம் வீண்தானே?' இந்த வாதத்தைத்தான் 1976-ல் ரிச்சர்ட் டாக்கின்ஸ் என்ற விலங்கியல் அறிஞர் கான்கார்டோடு முடிச்சுப் போட்டார். அவர் ஆராய்ந்தது மந்திரிகளையல்ல, பிராணிகளை! குளவிகளைப் பற்றி ஜேன் பிராக்மன் என்ற ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து அவர் 1980-ல் எழுதியது ரொம்ப சுவாரஸ்யம். ஒருவகைக் குளவி மண்ணில் வளை தோண்டி, குஞ்சுகளுக்காக வெட்டுக்கிளி இனப் பூச்சிகளைக் கொண்டுவந்து சேர்க்கும். சில சமயம் இரண்டு குளவிகள் ஒரே வளையில் சேர்த்துக்கொண்டிருக்கும். நேருக்கு நேர் சந்தித்தால் சண்டை! எது அதிக நேரம் விடாமல் சண்டை போடும்? வளைக்குள் மொத்தம் எத்தனை பூச்சி இருக்கிறது என்பதுதானே அந்த வளையின் நிஜ மதிப்பு? குளவி அதைப் பார்ப்பதில்லை. தான் எத்தனை கொண்டுவந்தேன் என்பதைப் பொறுத்தே சண்டை போடுகிறது. 'நான் போட்டது!' என்ற உணர்ச்சி குளவிக்கே உண்டு என்றால் மந்திரிகளைச் சொல்லி என்ன பயன்?

மனுஷன் எப்படி என்று 1985-ல் ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர் என்ற இருவர் ஒரு சோதனையை எழுதினார்கள். அமெரிக்காவின் ஒஹையோ பல்கலைக்கழக நாடக அரங்கில் வருடச் சந்தா 15 டாலர். சிலருக்கு மட்டும், அவர்கள் கேட்காமலே, 2 டாலரோ 7 டாலரோ தள்ளுபடி கொடுத்தார்கள். நாடகம் ஒன்றுதான், அரங்கம் ஒன்றுதான். ஆனால், முழுப்பணம் கொடுத்தவர்கள்தான் தள்ளுபடிக்காரர்களைவிட அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். கொடுத்த காசு அவர்களைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தது. எது வரைக்கும்? சீசனின் முதல் பாதி வரைக்கும்தான். அப்புறம் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. போட்ட காசின் வலி அவ்வளவு நாள்தான் உறைக்கிறது போலும்!

இதே ஆர்க்ஸ், பீட்டர் ஆய்ட்டனோடு சேர்ந்து 1999-ல் எழுதியது இன்னும் யோசிக்க வைக்கிறது. சின்னக் குழந்தைகள் இந்தத் தப்பைப் பெரியவர்கள் அளவுக்குச் செய்வதில்லை என்கிறார்கள். ஏன்? வளர வளர நாம் ஒரு நல்ல பாடம் கற்றுக்கொள்கிறோம்: 'வீணாக்காதே.' அந்த நல்ல பாடத்தைப் பொருந்தாத இடத்திலும் போட்டுப் பார்ப்பதுதான் இந்தத் தப்பு என்பது அவர்கள் கட்சி. எனக்கு இது ரொம்பச் சரியாகப் படுகிறது. காசு கொடுத்தாச்சே என்று வயிறு நிறைந்த பிறகும் இலையில் இருப்பதையெல்லாம் உள்ளே தள்ளுகிறவர் பேராசைக்காரர் இல்லை. வீணாக்கக் கூடாது என்று பழகியவர். சோறு வீணாகவில்லை, சரி. வயிறு?

இங்கே ஒருவர் கை தூக்குவார். 'சார், பிரிட்டிஷ் ஏர்வேஸ் அப்புறம் கான்கார்டில் லாபம் பார்த்ததே! பாதியில் விட்டிருந்தால் அந்த லாபம் கிடைச்சிருக்குமா?'

நியாயமான கேள்வி. 1984-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் அரசு உதவியில்லாமல் கான்கார்டைத் தன் செலவில் ஓட்டப் பொறுப்பேற்றது. அப்போது நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். பயணிகளிடம் 'உங்கள் டிக்கெட் விலை எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?' என்று கேட்டார்களாம். பெரிய கம்பெனி முதலாளிகள். டிக்கெட் எடுப்பது செகரட்டரி. நிஜ விலையைவிட அதிகமாகச் சொன்னார்களாம். 'ஓஹோ, அப்படியா?' என்று விலையை ஏற்றிவிட்டது கம்பெனி! 2003 அக்டோபர் 24 வரைக்கும் அங்கே கான்கார்ட் பறந்தது.

கவனியுங்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸ் பார்த்தது ஓட்டிய லாபம். கட்டிய செலவு வரி கட்டிய மக்கள் தலையில் எழுதப்பட்டு, எப்போதோ முடிந்த கதை. அந்தப் பணம் திரும்பி வரவே இல்லை. ஆனால், 1984-ல் உட்கார்ந்து கணக்குப் போட்டவர்களுக்கு அது தேவையும் இல்லை. விமானம் கையில் இருக்கிறது, அட்லாண்டிக் என்ற கடல் இருக்கிறது, பணக்காரர்கள் இருக்கிறார்கள். இனிமேல் செலவைவிட இனிமேல் வரவு அதிகம். ஓட்டு!

அதாவது, 'போட்டது போகட்டும்' என்பதற்கு 'உடனே விட்டுவிடு' என்று அர்த்தமில்லை. பழைய நஷ்டத்தைக் கண்டு பயந்து நல்லதை நிறுத்துவதும் அதே தப்புதான். ஒரே விமானம். கட்டியவர்கள் நிறுத்தியிருக்க வேண்டும். பிரானிஃப் நிறுத்தியது சரி. பிரிட்டிஷ் ஏர்வேஸ் தொடர்ந்ததும் சரி. மூன்றுக்கும் விதி ஒன்றுதான். முதுகுக்குப் பின்னால் பார்க்காதே, முன்னால் பார்.

கணக்கு இத்தோடு முடிந்தது. ஆனால், விஷயம் முடியவில்லை. கணக்குக்குள் அடங்காத ஒன்று பாக்கி இருக்கிறது.

பத்து வருடமாகப் படுக்கையில் இருக்கும் மனைவியைக் கவனித்துக்கொள்ளும் ஒருவரிடம் போய், 'இதுவரைக்கும் பார்த்ததெல்லாம் சங்க் காஸ்ட் சார். இனிமேல் என்ன வரவு?' என்று நீங்கள் கேட்பீர்களா? கேட்டால் உங்களை மனுஷன் என்று சொல்ல முடியுமா? அங்கே கடந்த காலம் வெறும் செலவு இல்லை. ஒரு வாக்கு. கூட வாழ்ந்தவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன். முன்னால் மட்டுமே பார்க்கிறவனுக்கு நன்றி என்று ஒன்று இருக்கவே முடியாது. நன்றி என்பதே திரும்பிப் பார்ப்பதுதானே!

ஆக, திரும்பிப் பார்க்கக் கூடாத கடந்த காலமும் உண்டு, பார்த்தே ஆக வேண்டிய கடந்த காலமும் உண்டு. இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

எனக்குத் தெரிந்த ஒரு அளவுகோல் இது. நிறுத்தினால் காயப்படப் போவது யார்? என்னை நம்பி நிற்கும் இன்னொரு மனிதரா? அப்படியானால் அது கடமை, யோசிக்க வேண்டும். இல்லை, என் முகமா, என் பேச்சா, 'நான் அப்பவே சொன்னேனே' என்ற என் பெருமையா? அப்படியானால் அது மூழ்கிய செலவு. அதற்காக இன்னும் ஒரு பைசா போடுவதும் தண்டம்.

கான்கார்ட் விஷயத்தில் இந்த இரண்டும் சேர்ந்தே இருந்தன. 1974-ல் பிரிட்டனின் தொழில் அமைச்சராக வந்தவர் டோனி பென். கான்கார்டின் நிஜச் செலவை நாடாளுமன்றத்தில் பட்டவர்த்தனமாக வைத்தவர் அவர். அதைக் காப்பாற்றப் போராடியவரும் அவரே! காரணம், அந்த விமானம் கட்டப்பட்ட பிரிஸ்டல் நகரம்தான் அவருடைய தொகுதி. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள். அரசாங்கம் கூப்பிட்டு வேலை கொடுத்தது, நம்பி வந்தார்கள். 'கணக்கு சரியில்லை, வீட்டுக்குப் போ' என்று சொல்லிவிட முடியுமா? பென்னை முட்டாள் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அவர் பார்த்தது நிஜமான மனிதர்களை.

ஆனால், இங்கேதான் ஒரு நுணுக்கம். அந்தத் தொழிலாளிக்கு நாடு பட்ட கடன் என்ன? வேலை. மரியாதையான பிழைப்பு. அவர் கட்டும் பொருள் கான்கார்டாகத்தான் இருக்க வேண்டும் என்பது அந்தக் கடனில் சேராது. வாங்க ஆளில்லாத ஒன்றைக் கட்ட வைத்துச் சம்பளம் கொடுப்பதைவிட, அதே பணத்தை வைத்து அவருடைய கைத்திறன் பலிக்கிற இன்னொரு வேலையை உண்டாக்கியிருக்கலாமே! மனிதர்களுக்குப் பட்ட கடனைத் தீர்க்கத்தான் வேண்டும். அதற்காகத் தவறைத் தொடர வேண்டியதில்லை. இந்த இரண்டும் ஒட்டிப் பிறந்தவை மாதிரி தெரியும். நிதானமாகப் பார்த்தால் பிரித்துவிடலாம்.

இது மந்திரிகளுக்கு மட்டுமான விஷயமா? கல்யாணப் பத்திரிகை அடித்தாகிவிட்டது. மண்டபத்துக்கு அட்வான்ஸ், சமையல்காரருக்கு அட்வான்ஸ், நகை, புடவை எல்லாம் ஆயிற்று. அப்போது பெண் வந்து அழுகிறாள். மாப்பிள்ளை சொன்னது எல்லாம் பொய் என்று தெரிந்துவிட்டது. விசாரித்தால் உண்மைதான். அப்பா என்ன சொல்கிறார்? 'இப்பப் போய் நிறுத்தினா ஊர் என்னம்மா சொல்லும்? பத்திரிகை கொடுத்தாச்சேம்மா!'

பத்திரிகைக்கு என்ன செலவு? மண்டபத்துக்கு என்ன அட்வான்ஸ்? ஒரு பக்கம் சில லட்சம் ரூபாய், நாலு பேர் பேச்சு. இன்னொரு பக்கம் ஒரு பெண்ணின் நாற்பது, ஐம்பது வருட வாழ்க்கை. இதில் கணக்குப் போடத் தெரியாதவர் யாராவது உண்டா? தெரியும். ஆனாலும் தட்டைத் திருப்பித் தர கை வருவதில்லை. ஏனென்றால் அங்கே மூழ்கியிருப்பது பணம் அல்ல, அப்பாவின் முகம். நம் ஊரில் எத்தனை கல்யாணங்கள் இப்படி மண்டப அட்வான்ஸைக் காப்பாற்றுவதற்காக நடந்திருக்கின்றன என்று யோசித்தால் பகீர் என்கிறது.

சரி, மறுபடி பிரானிஃப்புக்கு வருவோம். புத்திசாலித்தனமாக நிறுத்தினார்கள் என்று பாராட்டினேன் அல்லவா? பாராட்டை முழுசாகக் கொடுத்துவிட முடியாது. கதை இன்னும் இருக்கிறது.

1978 அக்டோபரில் அமெரிக்கா விமானத் தொழிலின் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. யார் வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் பறக்கலாம் என்ற நிலை வரத் தொடங்கியது. உடனே முந்திக்கொண்டு இடம் பிடிக்கப் பாய்ந்தது பிரானிஃப். டிசம்பர் 15 அன்று, ஒரே நாளில், 32 புதிய தடங்கள்! கான்கார்ட் தொடங்கியது அதற்கு நாலு வாரம் கழித்துதான். அதே சூடு, அதே உற்சாகம்.

1979-ல் ஈரான் புரட்சி. எண்ணெய் விலை ஏறியது. வட்டியும் ஏறியது. கடன் வாங்கி விரிந்த கம்பெனிக்கு இரண்டு பக்கமும் அடி. கான்கார்டை நிறுத்தியபோது அதன் நஷ்டம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. காலி ஸீட்டுகள் பல்லிளித்தன. நிறுத்துவது சுலபமாக இருந்தது. அந்த 32 தடங்களின் கதை அப்படியில்லை. அதுதான் தலைவரின் பெருங்கனவு. அங்கேதான் கம்பெனியின் முகம் மாட்டிக்கொண்டிருந்தது. பிறகு விமானங்களை விற்றார்கள், தடங்களைக் குறைத்தார்கள். ஆனால் காலம் கடந்துவிட்டது. 1980 கடைசியில் ஹார்டிங் லாரன்ஸ் விலகினார். 1982 மே 12 அன்று பிரானிஃப் மொத்தமாக நின்றது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே நாளில் வேலை போயிற்று.

கான்கார்டை விட்டார்கள். கான்கார்ட் புத்தியை விடவில்லை!

நாமும் இப்படித்தான். சின்னதை விட்டுவிட்டு 'நான் பிராக்டிகலான ஆளாக்கும்' என்று சொல்லிக்கொள்வோம். பிடிக்காத சினிமாவிலிருந்து இடைவேளையில் எழுந்து வந்துவிடுவோம். பிடிக்காத தொழிலில், தோற்றுக்கொண்டிருக்கும் வியாபாரத்தில், பேசாமல் விட்ட தம்பியோடு இழுத்துக்கொண்டிருக்கும் பங்காளி வழக்கில் இருபது வருடம் உட்கார்ந்திருப்போம். 'இத்தனை வருஷம் கோர்ட்டுக்கு அலைஞ்சாச்சு, இப்பப் போய் சமாதானமா?' அலைந்த வருடங்களா தீர்ப்பு சொல்லப் போகின்றன?

அதனால் நிறுத்தச் சொல்கிறேன் என்று அர்த்தமில்லை. கேட்டுப் பார்க்கச் சொல்கிறேன். ஒன்று: இதில் நான் இதுவரை ஒரு பைசாவும் போடவில்லை, இன்றுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன் என்றால், இதை இன்று ஆரம்பிப்பேனா? இரண்டு: நிறுத்தினால் என்னை நம்பிய யாருக்காவது நான் கடன்பட்டிருக்கிறேனா? முதல் கேள்விக்கு 'மாட்டேன்' என்றும், இரண்டாவதற்கு 'இல்லை' என்றும் பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். இரண்டாவதற்கு 'ஆமாம்' என்று வந்தால், முதலில் அந்தக் கடனை எப்படித் தீர்ப்பது என்று யோசியுங்கள். தீர்க்கும் வழி அந்தத் தப்பைத் தொடர்வதாக மட்டும் இருக்காது, பாருங்கள்.

'இவ்வளவு தூரம் வந்துட்டோமே!' என்று அடுத்த முறை உங்கள் வாயில் வரும்போது ஒரு நிமிஷம் நில்லுங்கள். வந்த தூரம் எவ்வளவு என்பதா கேள்வி? போகிற ஊர் அதுதானா என்பதல்லவா? தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டோம் என்று தெரிந்தால் அடுத்த ஸ்டாப்பில் இறங்குவோம். டிக்கெட் எடுத்தாச்சே என்று கடைசி ஸ்டாப் வரைக்கும் யாராவது போவார்களா?